எழுபதுக்கு மேல் கால் மணி நேரம்

பச்சை அதிகமாக இருக்கிறது என்று எங்கள் அலுவலகத்தில் புகார் கொடுத்த முதல் ஆள் செந்தூர்க்கனிதான்.

அதுவரை வந்த புகார்களெல்லாம் வேறு மாதிரி. மகனுடைய விளக்கு மஞ்சளாகிவிட்டது, என்னவென்று பாருங்கள் என்று ஒரு தகப்பனார் அழுவார். விசாரித்தால் பல்வலியாக இருக்கும். கணவனுடைய விளக்கு சிவந்து அணைந்தது என்று ஒரு பெண் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவாள். கேட்டால் சிறைக் கதவில் விரல் நசுங்கியிருக்கும். பச்சை எரிந்தால் யாரும் எங்கள் படியேறுவதில்லை. பச்சை எரிவதற்குத்தான் அரசாங்கம் எங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது.

"பச்ச ரொம்பப் பச்சையா இருக்கு, மேடம்," என்றாள் செந்தூர்க்கனி. ஃபோனை என் மேஜைமேல் வைத்தாள்.

நாற்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். தூத்துக்குடியிலிருந்து இரவு ரயிலில் வந்து, ஸ்டேஷனிலேயே முகம் கழுவிக்கொண்டு நேராக வந்திருந்தாள். திரையில் அவள் கணவன் ஆறுமுகநயினாரின் எண் தெரிந்தது. பதினான்கு. அருமையான எண். எனக்கே அன்றைக்கு அதைவிட அதிகமாக இருந்திருக்கும், இடுப்பு வலி.

"நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"இப்பம் நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் பாருங்க. தெனமும் சாயங்காலம் ரெண்டு, மூணுன்னு எறங்கிருது. மனுசன் செயில்ல இருக்காவ. செயில்ல இருக்கவங்களுக்கு எப்பிடி மேடம் ரெண்டு வரும்?"

சாயங்காலம் தியானம் செய்கிறாரோ என்னவோ என்று சொல்லி அனுப்பிவிடத்தான் நினைத்தேன். வாய் வரை வந்துவிட்டது. அவள் நாற்காலியில் உட்காராமலே நின்றதால் நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் வேலை என்னவென்று இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் தனக்கு வேண்டிய குற்றவாளியைக் கேட்கும். அங்கே அனுப்பினால் அடிப்பார்கள் என்று அவருடைய வக்கீல் சொல்வார். அடிக்க மாட்டோம் என்று அந்த நாடு முத்திரை குத்திக் காகிதம் அனுப்பும். அதை நம்பலாமா கூடாதா என்று நீதிமன்றம் வருஷக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும். நம்பி அனுப்பியவர்களில் சிலர் பெட்டியில் திரும்பினார்கள். நம்பாமல் வைத்துக்கொண்டவர்களில் சிலர், ஊரையே ஏமாற்றிவிட்டு நம் கடற்கரையில் காற்று வாங்கினார்கள். இரண்டும் அநியாயம். நான் அரசு வக்கீலாக இருந்தபோது இரண்டு பக்கமும் வாதாடியிருக்கிறேன். ஜெயித்த நாளிலும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

அப்போதுதான் டாக்டர் ஸ்ரீராமுலு தன் அரிசிமணியோடு வந்தார். அரிசி என்றால் அந்த அளவுதான். கழுத்தெலும்புக்குக் கீழே தைத்துவிடலாம். மூச்சு, நாடி, வியர்வை, மூளை உணரும் வலி எல்லாவற்றையும் கலந்து ஒரே ஓர் எண்ணாக்கி, நொடிக்கு நொடி சென்னைக்கு அனுப்பும். பூஜ்யம் என்றால் தொட்டிலில் தூங்கும் குழந்தை. நூறு என்றால் சொல்ல வேண்டாம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் சாட்சி. ஒப்பந்தம் சுருக்கமானது: எண் எழுபதுக்கு மேல் தொடர்ந்து கால் மணி நேரம் நின்றால் உறுதிமொழி முறிந்தது. அடுத்த விமானத்தில் ஆளைத் திருப்பி அனுப்ப வேண்டும். கேள்வி கிடையாது, விசாரணை கிடையாது. நடுவில் ஒரு நொடி எழுபதுக்குக் கீழே வந்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கதவில் விரல் நசுங்கியதற்கெல்லாம் ஒப்பந்தம் முறியக் கூடாது என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமாகத்தான் பட்டது.

குடும்பத்துக்கும் அந்த எண்ணும் விளக்கும் ஃபோனில் தெரிய வேண்டும் என்று ஒப்பந்தக் குழுவில் யாரோ சொன்னார்கள். எல்லாரும் மேஜையைத் தட்டினோம். மனிதாபிமானம் என்றால் இதுதான் என்று பத்திரிகைகள் எழுதின.

ஆறுமுகநயினார் ஒரு கிரேன் எலெக்ட்ரீஷியன். அந்த நாட்டுத் துறைமுகத்தில் ஆறேழு வருஷம் வேலை பார்த்தவர். நாட்டின் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அந்த மாதிரி நாடுகள் நிறைய உண்டு என்பதால் நஷ்டமும் இல்லை. ஒரு நாள் கிடங்கில் தீப்பிடித்தது. தீயணைப்பு மணி அடிக்கவில்லை. பதினோரு பேர் செத்தார்கள். மணியின் இணைப்பைப் பிடுங்கியது நயினார்தான், வேண்டுமென்றே செய்தார் என்று அந்த அரசு சொன்னது. பிடுங்கச் சொன்னது முதலாளி, நான் மறுத்தேன், வேறு ஆளை வைத்துச் செய்தார்கள் என்று நயினார் சொன்னார். முதலாளி அங்கே ஒரு மந்திரிக்கு மைத்துனர். நயினார் கப்பல் ஏறி ஊர் வந்து சேர்ந்துவிட்டார்.

அவரை அனுப்ப வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தின் சார்பில் சென்னையில் வாதாடியது நான்தான். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. செத்தவர்களில் ஒரு பெண்ணுடைய தாயார் திரையில் வந்து பேசினார். "அந்த மனிதர் செய்தாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அவரை என் முன்னால் நிறுத்தி, அன்றைக்கு ஏன் மணி அடிக்கவில்லை என்று யாராவது கேளுங்கள்," என்றார். சாட்சி இருக்கிறது, அடிக்க முடியாது, போய் விசாரணையைச் சந்திக்கட்டும் என்றேன். நீதிபதியும் அதையே சொன்னார்.

அரிசிமணியைத் தைப்பதற்கு முன் ஓர் அளவு எடுப்போம். பனிக்கட்டித் தண்ணீரில் கையை வைப்பது, சின்னதாக ஒரு குத்து, இப்படி. நயினார் ஊசியைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டு மனைவியின் சேலைத் தலைப்பைப் பிடித்தார். எண் நாற்பதுக்குப் போனது. "இவ்ளோ பெரிய ஆளு, ஊசிக்கு இப்படிப் பயப்படறீங்களே," என்று டாக்டர் சிரித்தார். வலி நன்றாகவே தெரிகிற சாதாரண உடம்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விமான நிலையத்தில் நயினார் மனைவியின் கையில் இருந்த ஃபோனைப் பார்த்தார். "இதுலதான பாத்துக்கிட்டு இருப்ப? பச்சையாவே வச்சிருக்கேன் கனி. நீ கவலப்படாத," என்றார். பக்கத்தில் நின்று கேட்டேன். நல்ல புருஷன் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இப்போது அவர் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

டாக்டர் ஸ்ரீராமுலுவைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தவர், பச்சையைப் பற்றிப் புகார் என்றதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். செந்தூர்க்கனி அதைக் கவனித்தாலும் கண்டுகொள்ளவில்லை.

"சாயங்காலம் அந்த நேரத்துல மூச்சு எப்பிடி இருக்கும்னு தெரியுமா, சார்?" என்று கேட்டாள்.

டாக்டர் பழைய பதிவைத் திறந்து மூச்சை மட்டும் திரையில் ஓடவிட்டார். கோடு மெதுவாக ஏறி, மேலே வெகுநேரம் நின்று, மெதுவாக இறங்கியது. பார்க்கவே சுகமாக இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே தன் மூச்சையும் அதே மாதிரி இழுத்து நிறுத்திப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"காவடி மூச்சு," என்றாள்.

"என்னது?"

"அவிய வருசா வருசம் திருச்செந்தூருக்குக் காவடி எடுப்பாவ, மேடம். கன்னத்துல அலகு குத்தி, முதுகு பூரா கொக்கி மாட்டி, தூத்துக்குடியில இருந்து நடந்தே போவாவ. நான் கூடவே தண்ணிச் செம்போட நடப்பேன். அந்த மூச்ச எனக்குத் தெரியாதா? இப்பிடித்தான் இழுப்பாவ. இழுத்து, நெஞ்சுல வச்சிக்கிட்டு, மொள்ள விடுவாவ."

"ஊசிக்குப் பயந்தாரே?" என்றார் டாக்டர்.

"ஊசின்னா இன்னைக்கும் பயம்தான். அலகு குத்தும்போது அவிய அவியளா இருக்க மாட்டாவ, சார். நாக்குல வேல் போவும், ஒரு சொட்டு ரத்தம் வராது. கூப்புட்டா திரும்புவாவ, ஆனா கண்ணு நம்மளப் பாக்காது. கோயில்ல போய்க் காவடிய இறக்கி, அலகப் புடுங்கி, துன்னூறு பூசின பெறவுதான் வலியே தெரியும். வீட்டுக்கு வந்து மறுநா பூரா முனங்கிக்கிட்டுக் கெடப்பாவ."

டாக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் கணினிப் பக்கம் திரும்பி எதையெதையோ தட்டினார். சாட்சி எண்ணைத் தயாரிப்பதற்கு முன்னால் நரம்பிலிருந்து நேராக வாங்கும் மூலத் தகவலைத் தேடி எடுத்தார். அதை நாங்கள் வழக்கமாகப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

மூச்சுக் கோடு சுகமாக ஏறி இறங்கிய அதே சாயங்காலத்தில், நரம்புக் கோடு கிறுக்கித் தள்ளியிருந்தது.

"கையிலயும் பாதத்துலயும்," என்றார் டாக்டர் மெல்ல. "நரம்பு கத்திட்டே இருக்கு. தலைக்குள்ள கேக்கவே இல்ல."

தினமும் சாயங்காலம் நான் தேநீர் குடித்துக்கொண்டே பார்த்த எண் அது. இரண்டு, மூன்று. ரிப்போர்ட்டில் 'மிகவும் திருப்திகரம்' என்று நானே எழுதியிருந்தேன்.

"இதக் காட்டி உடனே திருப்பிக் கேக்கலாமே?" என்றேன்.

"ஒப்பந்தத்துல நரம்பு கிடையாது மேடம். நீங்கதானே கூட உக்காந்து பேசினீங்க? ஓடினாலும் நரம்பு துடிக்கும், மூட்டுவாதம் வந்தாலும் துடிக்கும், அதெல்லாம் செல்லாதுன்னு அவங்க சொன்னாங்க. ஆளு அனுபவிக்கிற வேதனை மட்டும்தான் கணக்குன்னு நாம ஒத்துக்கிட்டோம். வேதனை இல்லன்னு நம்ம கருவியே தினமும் சர்டிஃபிகேட் கொடுக்குது."

இருந்தாலும் கேட்டுப் பார்த்தோம். அந்த நாட்டின் தொடர்பு அதிகாரி திரையில் வந்தார். நன்றாக உடுத்திய, நன்றாகச் சிரிக்கிற மனிதர். நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, உங்கள் கருவியின்படி எங்கள் சிறையிலேயே மிக நிம்மதியான மனிதர் அவர்தான்," என்றார். "எங்கள் காவலர்களின் எண்கூட அவ்வளவு குறைவாக இருக்காது. அவர் நிம்மதியாக இருப்பது எங்கள் குற்றமா?"

மருத்துவர் ஒருவரை அனுப்புகிறோம் என்றேன். சாட்சி இருக்கும்போது மருத்துவர் எதற்கு, ஒப்பந்தத்தில் அப்படி இல்லையே என்றார். உண்மைதான், இல்லை. கருவி இருக்கும்போது ஆள் எதற்கு என்று நாங்களே பெருமையாக நீக்கிய விதி அது.

எங்கள் இயக்குநரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"வங்கியைச் சுருட்டிக்கிட்டுப் போன ஒருத்தன அடுத்த மாசம் அவங்க நமக்கு அனுப்பறாங்க, இந்துமதி. எத்தனை குடும்பம் அதுக்காகக் காத்திட்டிருக்குன்னு உங்களுக்கே தெரியும். இப்ப நாம, எங்க கருவி சரியில்லன்னு சொன்னா என்ன ஆகும்? அவன் வர மாட்டான். இங்கேர்ந்து போன எல்லா கேஸையும் மறுபடி பிரிப்பாங்க. ஒரு காவடிய வச்சு அத்தனையையும் உடைக்க முடியுமா?"

"அந்த ஆள் பச்சையா எரிஞ்சுக்கிட்டே செத்துருவார், சார்."

"எழுபதைத் தாண்டட்டும். தாண்டினா நான் ஒரு நிமிஷம் தாமதிக்க மாட்டேன். சத்தியமா."

அவர் சொன்னதில் தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான்.

செந்தூர்க்கனி வராந்தாவில் காத்திருந்தாள். அன்றைக்கு அவளுக்கு ஃபோன் முறை. வாரம் ஒரு முறை, எங்கள் அலுவலகத்திலிருந்து, குரல் மட்டும். அதற்காகத்தான் வாராவாரம் ரயிலேறி வருவாள். வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது, சிறையில் எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்கக் கூடாது. அந்தப் பக்கம் தமிழ் தெரிந்த ஓர் ஆள் கேட்டுக்கொண்டே இருப்பார். மீறினால் துண்டித்துவிடுவார்கள்.

நடந்ததைச் சொன்னேன். மறைக்க எனக்கு மனமில்லை. நரம்பு செல்லாது, மருத்துவர் கிடையாது, எழுபது வந்தால்தான் எல்லாம் என்றேன்.

"அப்பம் அவியளுக்கு வலிக்குதுன்னு காட்டணும்," என்றாள்.

"காட்டணும்னா..."

"வலிக்கணும்," என்று அவளே முடித்தாள்.

நான் தலையாட்டவில்லை. அரசாங்க ஊழியர் தலையாட்டக் கூடாத இடம் அது. ஆனால் மறுக்கவும் இல்லை.

"எனக்காகத்தான் மேடம் அப்பிடி வச்சிருக்காவ," என்றாள். "செவப்பு எரிஞ்சா நான் பாத்துருவேனாம். நான் தாங்க மாட்டேனாம். இந்த ஃபோன நீங்க எனக்குக் குடுக்காமலே இருந்திருக்கலாம்."

நான் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன்.

நாலு மணிக்கு இணைப்பு வந்தது. அங்கே அப்போதுதான் மதியம் ஆகியிருக்கும். நானும் டாக்டரும் அறையின் மூலையில் நின்றோம். நயினாரின் குரல் தெளிவாக, கொஞ்சம் தூரத்தில் இருப்பதைப் போலக் கேட்டது.

"கனி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"ஆங். எல்லாம் நல்லா இருக்கு. நீ எப்பிடி இருக்க? மழ உண்டா?"

"மழ இல்ல. வெயிலுதான்." அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "செந்தூர் போயிட்டு வந்தேன்."

"தனியாவா?"

"தனியாத்தான். சாமி கும்புட்டேன். உங்க நேத்திக்கடன் முடிஞ்சிட்டுன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவள் ஃபோனுக்கு இன்னும் பக்கத்தில் குனிந்தாள்.

"கேக்குதா?" என்றாள். "நேத்திக்கடன் முடிஞ்சிட்டு. கோயிலு வந்தாச்சு. நீங்க காவடிய இறக்கி வச்சிருங்க."

மறுபக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த ஆள் லேசாக இருமினார். சாமி விஷயம், வீட்டு விஷயம். துண்டிக்கக் காரணம் எதுவும் இல்லை.

"நீ பாத்துக்கிட்டு இருப்பியே, கனி," என்றார் நயினார். குரல் இப்போது மாறியிருந்தது.

"பாக்கத்தான் இருக்கேன்."

"ஒன்னால முடியாது."

"எத்தன வருசம் செம்பத் தூக்கிக்கிட்டு ஒங்க கூட நடந்திருக்கேன்? அலகு புடுங்கும்போது ஒங்க கையப் புடிச்சது யாரு? என்னால முடியும். இறக்குங்க."

நயினார் ஏதோ சொல்ல வந்தார். நேரம் முடிந்தது என்று ஒரு பெண் குரல் வேறு மொழியில் சொல்லி, இணைப்பு நின்றது.

"நீங்க கிளம்புங்கம்மா. நாங்க பாத்துக்கறோம்," என்றார் டாக்டர்.

"பாக்கேன்னு அவியட்ட சொல்லிட்டேம்லா, சார்," என்றாள் அவள்.

கண்காணிப்பு அறைக்குக் குடும்பத்தினரை விடக் கூடாது. விட்டேன். நடுத் திரையில் நயினாரின் எண்ணைப் பெரிதாக வைத்தோம். பதினாறு. பதினைந்து. வெளியே அலுவலகம் விட்டு ஆட்கள் வண்டியை எடுக்கும் சத்தம் கேட்டது. வழக்கமாக எண் இரண்டுக்கு இறங்கும் வேளை வந்தது.

இறங்கவில்லை. இருபத்திரண்டு ஆனது. பிறகு சட்டென்று நாற்பத்தெட்டு.

விளக்கு மஞ்சளானது. செந்தூர்க்கனி அசையவில்லை. ஐம்பத்தொன்பது. அறுபத்து மூன்று. எழுபத்தொன்று.

சிவப்பு விளக்கோடு ஒரு மணியும் அடிக்கும். அதை நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் கத்தினேன். திரையின் ஓரத்தில் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. எழுபத்தொன்பது, எண்பத்து நான்கு. அந்த எண்ணைக் கண்டுபிடித்த டாக்டரே பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

கடிகாரம் பாதி தாண்டியிருக்கும். எண் தடுமாறியது. எழுபத்தாறு. மூச்சுக் கோடு மெதுவாக இழுத்து, மேலே நிற்கத் தொடங்கியது. அறுபத்தெட்டு. கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பியது.

"இல்ல," என்றாள் செந்தூர்க்கனி. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். "மறுபடியும் தூக்காதீங்க. இறக்குங்கன்னு சொன்னேம்லா. நான் நல்லாத்தான் இருக்கேன். இங்க பாருங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்."

அவருக்கு அது கேட்காது என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். ஐம்பது. முப்பத்தாறு. பழைய பச்சைக்கே போய்விடுவார் போலிருந்தது. இத்தனை வருஷப் பழக்கம் அது, ஒரு ஃபோனில் விட்டுவிடுமா?

அப்புறம் மூச்சுக் கோடு உடைந்தது. எண் மேலே ஏறியது. ஏறியது ஏறியபடியே நின்றது.

அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. ஒரு மனிதனுடைய வலி குறைந்துவிடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். ஒவ்வொரு முறை எண் கொஞ்சம் கீழே வரும்போதும் ஏறு, ஏறு என்று முணுமுணுத்தேன். மேலே போகும்போது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. செந்தூர்க்கனி திரையில் கையை வைத்து, எண்ணின் மேல் விரலால் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது நெற்றியில் தடவுவதைப் போல. "ஆச்சு, இந்தா ஆச்சு," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடிகாரம் நின்றது. உறுதிமொழி முறிந்த அறிவிப்பு தானாகவே இரண்டு நாடுகளுக்கும் போனது. இயக்குநர் தாமதிக்கவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். டாக்டர் கழிவறைக்குப் போய் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

அந்த நாடு முரண்டு பிடிக்கவில்லை. எங்கள் கருவியை நம்பித்தான் ஆளை வாங்கினார்கள், எங்கள் கருவியை நம்பித்தான் திருப்பித் தர வேண்டும். தொடர்பு அதிகாரி வருத்தம் தெரிவித்தார், எப்போதும் போல நன்றாகவே சிரித்தார். அடுத்த திருத்தத்தில், குடும்பத்துக்குத் தரும் ஃபோன் அழைப்பை நீக்கலாமே என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம், காவடி எடுக்கும் பழக்கம் உண்டா என்று அளவெடுக்கும்போதே கேட்டுக்கொள்ளலாம் என்று ஒருவர் குறிப்பு எழுதினார். அவர் கேலியாக எழுதவில்லை. வங்கியைச் சுருட்டியவன் வரவில்லை. தீ விபத்து வழக்கைத் தூத்துக்குடியிலேயே நடத்துவது என்று முடிவானது. அங்கிருக்கும் சாட்சிகள் திரையில் வருவார்கள். மகளைப் பறிகொடுத்த அந்தத் தாயாரிடம் இதைச் சொன்னேன். "இப்போதாவது அவரிடம் கேட்பார்களா?" என்றார். கேட்பார்கள் என்றேன். அந்த ஒரு வாக்கையாவது காப்பாற்ற வேண்டும்.

நயினார் வந்த அன்று, அரிசிமணியை எடுப்பதற்காக எங்கள் கட்டடத்தின் கீழ்த்தள மருத்துவ அறைக்கு அழைத்து வந்தோம். பாதி உடம்பாகியிருந்தார். பாதங்களில் கட்டு. நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். தேநீர் கொடுத்தோம். விரல்கள் மடங்கவில்லை என்பதால் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து வாங்கினார்.

"எனக்கு ஒண்ணுமில்ல மேடம்," என்றார். "உங்களுக்கெல்லாம்தான் ரொம்பச் செரமம்."

டாக்டர் மரத்துப்போகும் ஊசியை எடுத்தார். நயினார் அதைப் பார்த்தார். முகத்தைத் திருப்பவில்லை. சேலைத் தலைப்பைத் தேடவும் இல்லை. ஊசியைப் பார்த்தும் அதே சிரிப்பு.

செந்தூர்க்கனி ஃபோனை எடுத்துப் பார்த்தாள். எனக்கும் தெரிந்தது. மூன்று.

அவள் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட பாதங்களைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வந்தாச்சு," என்றாள். "இறக்குங்க."

"இறக்கிட்டேன், கனி. அன்னைக்கே இறக்கிட்டேன்லா?"

"இல்ல. பச்ச ரொம்பப் பச்சையா இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். பிறகு உதடு கோணியது. நெஞ்சிலேயே நின்றிருந்த அந்த மூச்சு வெளியே வந்தது, அதோடு ஒரு சத்தமும் வந்தது. டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செந்தூர்க்கனி ஃபோனை என் கையில் கொடுத்தாள். அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. திரையில் மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது. எண் எழுபதைத் தாண்டியது. நான் நேரம் பார்க்கவில்லை.